பிரேக்கை வீட்டில் பிரிக்கலாமா?

பிரிட்டனில் ஒரு கார் மூன்று வயதை எட்டியதும் ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயச் சோதனைக்குப் போயாக வேண்டும். பிரேக் பேடின் உராய்வுப் பகுதி 1.5 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் தேர்ச்சி கிடையாது. ஜெர்மனியில் முதல் சோதனை மூன்றாம் ஆண்டில், அதன்பின் இரண்டாண்டுக்கு ஒருமுறை. நம் நாட்டில் டாக்ஸிக்கும் லாரிக்கும் பேருந்துக்கும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுச் சோதனை உண்டு. சொந்த உபயோகத்துக்கு வாங்கிய காருக்கோ பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அந்த 15 ஆண்டுகளில் அதன் பிரேக்கைத் திறந்து அளந்து காட்டும்படி சட்டம் எவரையும் கேட்பதில்லை. சர்வீஸுக்கு விடும் இடத்தில் பார்த்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கார் வாங்கியவர் தாம் அறியாமலே தம் காரின் பிரேக் ஆய்வாளராகவும் ஆகிவிடுகிறார்.

பிரேக் பேடையும் டிஸ்க்கையும் வீட்டிலேயே மாற்றலாமா என்ற கேள்வியை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பொதுவாக இது தைரியத்தைப் பற்றிய வாதமாகவே நடக்கிறது. “உயிர் விஷயம், கை வைக்காதே” என்பது ஒரு தரப்பு. “நாலு நட்டு, ரெண்டு போல்ட்டு, அரை மணி நேர வேலை” என்பது மறுதரப்பு. கழற்றி மாட்டுவது எளிது என்பதில் இரண்டாம் தரப்பு சொல்வது சரி. ஆனால் இந்த வேலையின் கடினம் ஸ்பேனரில் இல்லை. எதை மாற்றுவது, எதை விடுவது என்று அளந்து முடிவெடுப்பதிலும், பொருந்தும் பரப்புகளைச் சுத்தம் செய்வதிலும், மாட்டி முடித்தபின் ஓட்டும் முதல் சில கிலோமீட்டரிலும் இருக்கிறது. பட்டறைகளில் அவசரத்தில் விட்டுப்போவதும் இந்த மூன்றும்தான். அளக்கப் பொறுமை உள்ளவர் தாராளமாக வீட்டில் செய்யலாம். அந்தப் பொறுமை இல்லாதவர் எத்தனை ஸ்பேனர் வைத்திருந்தாலும் இதைத் தொடக்கூடாது. ஸ்பேனரே பிடிக்க விரும்பாதவர்கூட அளக்க மட்டுமாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஏன் இத்தனை கவனம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 460 கிலோஜூல். அறை வெப்பத்தில் இருக்கும் ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவர அது போதும். வண்டி நிற்கும் சில நொடிகளுக்குள் அவ்வளவும் வெப்பமாக மாறியாக வேண்டும். பிரேக் அடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால் ஏறக்குறைய 70 சதவீத வேலை முன்சக்கரங்களுக்கு வந்துவிடுகிறது. தலா ஐந்து கிலோ எடையுள்ள இரண்டு வார்ப்பிரும்பு டிஸ்க்குகள் அந்தப் பங்கை வாங்கிக்கொண்டால், ஒரே ஒரு முழு நிறுத்தத்தில் அவற்றின் வெப்பம் 70 டிகிரி செல்சியஸ் ஏறும். இது சமவெளிக் கணக்கு. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளோடு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் உயர வேறுபாடு 1,000 மீட்டருக்கு மேல். 1,000 என்றே வைத்துக்கொண்டாலும், அதே கார் அந்த இறக்கத்தில் இழக்க வேண்டிய ஆற்றல், 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 25 முறை தொடர்ந்து நிறுத்துவதற்குச் சமம். கியரைக் குறைத்து இறங்கினால் அதில் நல்ல பங்கை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். டாப் கியரில் மிதித்துக்கொண்டே இறங்கினால் பெரும்பகுதி பேடுக்கும் டிஸ்க்குக்கும் பிரேக் ஆயிலுக்கும்தான். தேய்ந்து மெலிந்த டிஸ்க்கில் வெப்பத்தை வாங்கும் இரும்பு குறைவு என்பதால், மலைக்குப் போகும்போதுதான் அந்த மெலிவு தன்னைக் காட்டும். ஊருக்குள் ஓட்டும்வரை எந்த வித்தியாசமும் தெரியாது.

இந்த வேலை வீட்டுக்கு வர வழிசெய்தது டிஸ்க் பிரேக்தான். பர்மிங்காமில் ஃப்ரெடரிக் லான்செஸ்டர் 1902இல் காப்புரிமை பெற்ற யோசனை அது. 1953இல் லே மான் 24 மணிநேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்ற பிறகே உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. 1955இல் சிட்ரோயன் டி.எஸ். காரின் முன்சக்கரங்களில் அது வந்தது. நம்மூரில் அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் தங்கள் ஆயுளின் பெரும்பகுதியை டிரம் பிரேக்கோடே ஓட்டி முடித்தன. டிரம்மைத் திறந்தால் ஸ்பிரிங்குகளும் அட்ஜஸ்டரும் ஷூவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். எது எங்கே மாட்டியிருந்தது என்பது மறந்தால் அன்றைய நாள் போய்விடும். டிஸ்க் பிரேக்கில் சக்கரத்தைக் கழற்றியதுமே எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. இன்றும் நம்மூர்ச் சிறிய கார்களில் பின்சக்கரத்துக்கு டிரம்தான் அதிகம். இந்தக் கட்டுரை பேசுவது முன்சக்கரத்தை.

அளவுக்கு வருவோம். பேடில் எஃகுத் தகட்டைச் சேர்க்காமல், அதன்மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பொருளை மட்டும் அளக்க வேண்டும். புதிதில் அது 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் புதியது வாங்கி வைத்துவிடலாம். 2 மில்லிமீட்டருக்குக் கீழே விடக்கூடாது என்பது பெரும்பாலான தயாரிப்பாளர்களின் எல்லை. பல பேடுகளில் சிறு எஃகு நாக்கு ஒன்று இருக்கும். அந்த அளவுக்குத் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். அந்தச் சத்தத்தைக் கேட்டபின் ரேடியோவைக் கூட்டி வைப்பவர்கள் அடுத்து கேட்பது இரும்பும் இரும்பும் அரையும் ஓசையை. சக்கரத்தின் இடைவெளி வழியே டார்ச் அடித்துப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அப்படித் தெரிவது வெளிப்பக்கப் பேட் மட்டுமே. பேடுகளை டிஸ்க்கின்மேல் அழுத்தும் காலிப்பர் சாதாரணக் கார்களில் ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் உள்ள நகரும் வகை. அதில் பல சமயம் உள்பக்கப் பேட்தான் முதலில் தீர்கிறது. வெளியே ஐந்து மில்லிமீட்டர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கும்போது உள்ளே தகடு எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

டிஸ்க்கை அளப்பது இன்னும் நுட்பமானது. அதன் விளிம்பிலோ நடுக்கிண்ணத்திலோ குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். புதிதில் 22 மில்லிமீட்டர் இருக்கும் காற்றோட்ட டிஸ்க்குக்கு 20 என்பது வழக்கமான எல்லை. ஆயுள் முழுவதற்கும் பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர்தான் கொடுத்திருக்கிறார்கள். சாதாரண வெர்னியரை விளிம்பில் வைத்து அளந்தால் தவறான விடையே வரும், ஏனென்றால் பேட் படாத ஓரம் தேயாமல் வரப்பாக நிற்கும். ஸ்க்ரூ கேஜ் இருந்தால் வரப்பைத் தாண்டி உள்ளே வைத்து அளக்கலாம். இல்லாவிட்டால் ஒரே வகை நாணயம் இரண்டை டிஸ்க்கின் இருபுறமும் தேய்ந்த பகுதியில் ஒட்டி, அவற்றின் மேல் வெர்னியரை வைத்து அளந்து நாணயங்களின் தடிமனைக் கழிக்கலாம். சுற்றிலும் எட்டு இடத்தில் அளந்தால் தடிமன் ஒரே சீராக இருக்கிறதா என்பதும் ஓரளவு தெரியும். ஓரளவு என்று சொல்வதற்குக் காரணம், 0.02 மில்லிமீட்டர் வேறுபாடுகூடச் சில கார்களில் பெடலில் துடிப்பாக உணரப்படும். அதைக் காட்ட நாணயமும் வெர்னியரும் போதாது.

அந்தத் துடிப்பைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். பிரேக் அடிக்கும்போது ஸ்டீயரிங் உதறினால் “டிஸ்க் பெண்ட் ஆயிடுச்சு” என்று சொல்வது உலகம் முழுக்க வழக்கம். பந்தயப் பொறியாளராக இருந்த அமெரிக்கர் கேரல் ஸ்மித் இதை விரிவாக மறுத்து எழுதினார். டிஸ்க் வளைவது மிக அரிது. பேடின் பொருள் டிஸ்க்கின்மேல் திட்டுத் திட்டாகப் படிவதே பெரும்பாலும் காரணம். சூடேறிய டிஸ்க்கை நிறுத்தி, பெடலை மிதித்தபடியே சிக்னலில் காத்திருந்தால் பேட் இருக்கும் இடத்தில் அதன் பொருள் ஒட்டிக்கொள்ளும். அந்த இடம் அடுத்த முறை அதிகம் சூடேறும். சூட்டில் வார்ப்பிரும்பின் உள்ளமைப்பு மாறி அங்கே மட்டும் கெட்டியான புள்ளிகள் உருவாகும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் அது திரும்பத் திரும்ப மேடாகும். இன்னொரு காரணம் இதைவிட எளியது, இதைவிட அதிகம் கவனிக்கப்படாததும்கூட: டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில் இருக்கும் துரு. புது டிஸ்க்கை அந்தத் துருவின்மேல் வைத்து இறுக்கினால் டிஸ்க் நூலிழை சாய்ந்து உட்காரும். ஒவ்வொரு சுற்றிலும் சாய்ந்த பக்கம் பேடை உரசிக்கொண்டே போகும். முதல் வாரத்தில் எதுவும் தெரியாது. சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து அந்தப் பக்கம் மட்டும் தேய்ந்து தடிமன் மாறியபின் உதறல் தொடங்கும். அப்போது பழி புது டிஸ்க்கின்மேல் விழும். ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷாலும் எமரி பேப்பராலும் பளிச்சென்று வரும்வரை தேய்ப்பது பத்து நிமிட வேலை. டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் ஆட்டம் 0.05 மில்லிமீட்டர் அளவில் நிற்க வேண்டும். வீட்டில் செய்பவர் பட்டறையை விஞ்சக்கூடிய இடம் எது என்று கேட்டால், இந்தப் பத்து நிமிடத்தைத்தான் சொல்வேன்.

உதறும் டிஸ்க்கை லேத்தில் கொடுத்துக் கடைவதா, புதிது போடுவதா என்ற கேள்வி இதிலிருந்து பிறக்கிறது. கடைசல் கூலி மலிவாக உள்ள நம் ஊர்களில் கடைவதே முதல் யோசனையாக வருகிறது. கடைந்தபின் எஞ்சும் தடிமன் பொறித்த எல்லைக்கு மேல் தாராளமாக இருந்தால் அதில் தவறில்லை. எல்லையை ஒட்டி நின்றால் அது வீண், காரணம் கடைந்த நாளிலிருந்தே மேலும் தேயத் தொடங்கும். கெட்டிப் புள்ளிகள் ஆழமாக இறங்கியிருந்தால் கடைந்தாலும் திரும்பி வரும். வெடிப்பு கண்ணில் பட்டால் பேச்சே இல்லை, பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டும். பேட் மாற்றும்போதெல்லாம் டிஸ்க்கும் மாற்ற வேண்டும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. டிஸ்க் அளவுக்குள் இருந்து, பரப்பு சீராகவும் இருந்தால், அதே டிஸ்க்கில் புதுப் பேட் நன்றாகவே உழைக்கும். எது மாற்றினாலும் ஒரே அச்சின் இரு பக்கத்துக்கும் சேர்த்து மாற்றுவது மட்டும் விலக்கில்லாத விதி. ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் அவசரத்தில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

கழற்றிய பழைய பேடுகளை உடனே தூக்கிப் போடக்கூடாது. நான்கையும் எந்த இடத்தில் இருந்ததோ அந்த வரிசையிலேயே தரையில் வைத்துப் பார்க்க வேண்டும். உள்பேட் வெளிப்பேடைவிட வெகுவாக மெலிந்திருந்தால் காலிப்பர் நகரும் பின்கள் இறுகியிருக்கலாம், அல்லது பிஸ்டன் முழுதாகத் திரும்பாமல் இருக்கலாம். வெளிப்பேட் அதிகம் தேய்ந்திருந்தாலும் பின்களையே முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒரே பேட் ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் ஆப்பு வடிவில் இருந்தால் அது தன் காடியில் சிக்கியபடி ஓடியிருக்கிறது. இடது வலது இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருந்தால் ஒரு பக்க ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி ஆயிலைத் திரும்பவிடாமல் தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். காரணத்தைச் சரிசெய்யாமல் புதுப் பேட் போட்டால் அதுவும் அதே கோணத்தில், அதே வேகத்தில் தேயும். பட்டறையில் வேலை கொடுப்பவர்களும் பழைய பேடுகளை, இடம் எழுதித் திருப்பித் தரும்படி கேட்டு வாங்க வேண்டும். புது உதிரிக்கான பில்லைவிட அதில் செய்தி அதிகம்.

இனி வேலை. சமதரையில், கெட்டியான தளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, வீல் நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே தளர்த்திக்கொள்ள வேண்டும். காரோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றும் ஐந்து நிமிடத்துக்கானது. தூக்கியபின் சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. நல்லவேளையாக, இந்த வேலையில் வண்டிக்கு அடியில் படுக்க வேண்டிய தேவை இல்லை. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போவது நல்லது, சந்தேகம் வந்தால் பிரிக்காத பக்கம் பாடம் சொல்லும்.

காலிப்பரைக் கழற்றியதும் அதை ஹோஸில் தொங்கவிடக் கூடாது, கம்பி போட்டு ஸ்பிரிங்கில் கட்ட வேண்டும். பிஸ்டனை உள்ளே தள்ளப் பழைய பேடையும் சி கிளாம்ப்பையும் வைத்து மெல்ல இறுக்கினால் போதும். தள்ளுவதற்குமுன் மேலே பிரேக் ஆயில் டப்பாவைப் பார்க்க வேண்டும், ஏற்கெனவே நிரம்பியிருந்தால் வழிந்து பெயிண்ட்டைத் தின்றுவிடும். தள்ளும்போது காலிப்பரில் தங்கியிருந்த அழுக்கு ஆயில் பின்னோக்கி ஏ.பி.எஸ். வால்வுகளுக்குள் போகும் என்பதால் பிளீடர் திருகைத் திறந்து வெளியே விட வேண்டும் என்பது ஒரு வாதம். பிளீடரைத் திறந்தால் அனுபவம் இல்லாதவர் கையில் காற்று உள்ளே போகும் என்பது எதிர்வாதம். ஆயிலைக் காலத்துக்கு மாற்றி வருபவருக்கு இந்தப் பிரச்சினையே எழாது. மாற்றாதவர் பேடுக்கு முன் ஆயிலைக் கவனிக்க வேண்டும்.

நகரும் பின்களைத் துடைத்து, ரப்பருக்குத் தீங்கு செய்யாத பிரேக் கிரீஸ் போட வேண்டும். வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் இங்கே கேடு. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர்கள் ஊதிப் பருக்கும், பின்கள் இறுகும், முன்பு சொன்ன கோணல் தேய்மானம் வந்து சேரும். புது டிஸ்க் துரு பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெயோடு வரும். பிரேக் கிளீனரால் அது முற்றிலும் போகும்வரை கழுவ வேண்டும். போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து, அந்தக் காரின் மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். பல சிறிய கார்களில் காலிப்பர் பின் போல்ட்டுக்கு 25 முதல் 35 நியூட்டன் மீட்டரே தேவை. கை பலத்தால் இறுக்குபவர்கள் அதைப்போல இரண்டு மடங்கு கொடுத்து மரையை அறுத்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

எல்லாம் மாட்டி, சக்கரம் பூட்டி, ஜாக்கியை இறக்கியபின் மறக்கவே கூடாத ஒன்று உண்டு. பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன் இன்னும் பேடைத் தொடவில்லை. முதல் மிதியில் பெடல் தரைவரை போகும். வண்டியை நகர்த்துமுன் எஞ்சினை நிறுத்திய நிலையிலேயே பெடலைப் பல முறை மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். கெட்டிப்படாவிட்டால் வண்டி அங்கேயே நிற்க வேண்டும்.

புதுப் பேட் முதல் நாளிலேயே முழுப் பிடிப்பைத் தராது. பேடின் பொருளிலிருந்து மெல்லிய படலம் டிஸ்க்கின்மேல் சீராகப் படிந்த பிறகுதான் பிடிப்பு முழுமையாகும். வெறிச்சோடிய சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15 வரை மிதமாகக் குறைத்து, முழுதாக நிற்காமல் மறுபடி வேகமெடுத்து, இப்படி எட்டுப் பத்து முறை செய்துவிட்டு, பிரேக் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிட வேண்டும். பேட் பெட்டியில் வேறு முறை அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். பட்டறைக்காரருக்கு இதற்கு நேரமும் சாலையும் கிடைப்பதில்லை. வண்டியை வாங்கியவர் நேராக நெரிசலுக்குள் ஓட்டுகிறார், சூட்டில் மிதித்தபடி நிற்கிறார், திட்டுப் படிவு முதல் நாளே தொடங்கிவிடுகிறது.

பேடின் சரக்கு தனிக் கதை. பழைய காலத்தில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், அதன் உயிர். சூடு தாங்கும், மலிவு, ஆனால் தூசு நுரையீரலுக்குள் போனால் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படும். ஐரோப்பிய ஒன்றியம் அதை முற்றிலும் தடை செய்துவிட்டது. அமெரிக்கா 2024இல்தான் வெள்ளைக் கல்நாருக்குத் தடை கொண்டுவந்தது. இந்தியாவில் கல்நார்ச் சுரங்கக் குத்தகைகள் நிறுத்தப்பட்டாலும் வெள்ளைக் கல்நார் இறக்குமதிக்கும் பயன்பாட்டுக்கும் இன்னும் முழுத்தடை இல்லை. பெயர் தெரியாத மலிவுப் பேடில் என்ன கலந்திருக்கிறது என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. அதனால் பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதுவதும், காய்ந்த பிரஷ்ஷால் தட்டுவதும் எந்தப் பேடானாலும் கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும், அல்லது பிரேக் கிளீனரால் நனைத்து வழித்தெடுக்க வேண்டும். வீட்டு வாசலில் குழந்தைகள் விளையாடும் இடத்தில் வேலை செய்பவர்கள் இதை இரட்டிப்பாக நினைவில் வைக்க வேண்டும்.

கல்நார் போன இடத்தில் எஃகு நார், அராமிட் நார், கிராஃபைட், செம்பு என்று பல வந்தன. செம்புத் தூள் மழைநீரோடு ஆறுகளில் கலந்து சால்மன் மீன்களைப் பாதிக்கிறது என்பதால் அமெரிக்காவின் வாஷிங்டன், கலிஃபோர்னியா மாநிலங்கள் 2010இல் பேடில் செம்பைக் குறைக்கச் சட்டம் இயற்றின. இவற்றோடு சேர்க்கும் பொருட்களில் நமக்கு நெருக்கமானது ஒன்று உண்டு. முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைக் கெட்டியாக்கிப் பொடித்த தூள் உலகெங்கும் பிரேக் பேடில் சேர்க்கப்படுகிறது. பேட் மிருதுவாகக் கடிக்கவும் சத்தம் அடங்கவும் அது உதவுகிறது. பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரி உடைத்த பின் மிஞ்சும் ஓடு அந்தத் தொழிலின் மூலப்பொருள். பேட் செய்வதிலும் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் சென்னை பாடியில் வேர் கொண்டவை, ரானே பிரேக் லைனிங் அம்பத்தூரில். நல்ல பேட் நம் வாசலிலேயே தயாராகிறது என்கிறபோது போலிப் பெட்டிகளில் ஏமாறுவது கூடுதல் வருத்தம்.

பெட்டியைவிடப் பேடின் விளிம்பைப் பார்த்து வாங்குவது மேல். தயாரிப்பாளர் பெயரையும் கலவை எண்ணையும் அடுத்து இரண்டு ஆங்கில எழுத்துகள் பல பேடுகளில் அச்சாகியிருக்கும். முதலெழுத்து சாதாரண வெப்பத்தில் உராய்வு எவ்வளவு, இரண்டாவது நல்ல சூட்டில் எவ்வளவு என்பதைக் காட்டும். ‘இ’ என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45 வரை. இரண்டும் ‘எஃப்’ ஆக இருப்பது சாதாரணக் காருக்குப் போதுமானது. முதலெழுத்தைவிட இரண்டாவது தாழ்ந்திருந்தால் சூட்டில் பிடிப்பு தளரும் பேட் அது, மலைப்பக்கம் போகிறவர் தவிர்க்கலாம். எழுத்தே இல்லாத பேடை மலிவு என்று வாங்குவதில் எனக்குச் சம்மதமில்லை.

பிரேக் ஆயிலையும் பேடோடு சேர்த்தே பார்க்க வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4 வகையின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அதற்குத் தரவிதி கேட்பது 155 டிகிரிதான். டாட் 3 வகைக்கு இந்த அளவுகள் 205, 140. நீண்ட இறக்கத்தில் காலிப்பருக்குள் ஆயில் கொதித்தால் குமிழி உண்டாகும். குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. ஆகவே பெடல் உள்ளே போகும், பிரேக் பிடிக்காது. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவதைக் கண்டிப்பாக வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் தொடக்கூடாதவையும் உண்டு. எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள பின்சக்கரக் காலிப்பரில் மோட்டாரைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவராமல் பிஸ்டனை அழுத்தினால் கியர் உடையும். கேபிள் ஹேண்ட் பிரேக்கோடு சேர்ந்த பின்காலிப்பரில் பிஸ்டனை அழுத்தக்கூடாது, திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். ஏ.பி.எஸ். அமைப்புக்குள் காற்று புகுந்தால் பல கார்களில் கணினிக் கருவி இல்லாமல் முழுதாக வெளியேற்ற முடியாது. பிரேக் குழாய் துருப்பிடித்திருந்தாலோ ஹோஸ் வெடித்திருந்தாலோ அனுபவமுள்ள மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். காரின் அமைப்பை மாற்றாமல் அதே அளவு உதிரியைப் போடுவதை மோட்டார் வாகனச் சட்டம் தடுக்கவில்லை. வாரண்டி காலத்தில் மட்டும் அதன் நிபந்தனையைப் படித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

பணத்தைப் பற்றி: மணிக்கு 100 டாலருக்கு மேல் கூலி கேட்கும் பட்டறைகள் சாதாரணமாகிவிட்ட அமெரிக்காவில் இந்த வேலையை வீட்டில் செய்வதன் முதல் காரணம் சேமிப்பு. அங்கே உதிரிபாகக் கடைகளே கருவிகளை வைப்புத்தொகை வாங்கிக்கொண்டு இரவல் தருகின்றன. பிரிட்டனில் ஜான் ஹெய்ன்ஸ் ஒவ்வொரு காரையும் முழுக்கப் பிரித்துப் பூட்டிப் படமெடுத்து 1966 முதல் வெளியிட்ட கையேடுகள், வீட்டு வாசலில் கார் பழுது பார்க்கும் தலைமுறைகளையே உருவாக்கின. தமிழ்நாட்டில் பேட் மாற்றும் கூலி உதிரியின் விலையோடு ஒப்பிட்டால் சிறியது. டார்க் ரெஞ்ச்சும் ஸ்டாண்டும் ஸ்க்ரூ கேஜும் வாங்கினால் முதல் முறை செலவு கூடவே ஆகும். எனவே இங்கே சேமிப்பைச் சொல்லி யாரையும் அழைக்க நான் தயாரில்லை. எது போடப்பட்டது, எவ்வளவு மிச்சமிருக்கிறது என்ற தெளிவுக்காகவே இங்கே இது செய்யத் தகுந்தது.

மின்கார்கள் வந்தபின் இந்தத் தெளிவின் தேவை குறையும் என்று நினைத்தால் அது வேறு வடிவில் வருகிறது. வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கை மோட்டாரே செய்து மின்சாரமாகத் திருப்புவதால் பேட் பல ஆண்டு தேயாது. ஆனால் உராயாத டிஸ்க் துருப்பிடிக்கும், அசையாத பின்கள் இறுகும். பேடின் தடிமன் மட்டும் பார்த்தால் எல்லாம் புதிதாகத் தெரியும். துருவையும் பின்களின் நகர்வையும் கழற்றிப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். ஃபோக்ஸ்வாகன் ஐடி.4 காரின் பின்சக்கரத்தில் மூடிய டிரம்முக்குத் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். ஐரோப்பாவின் யூரோ 7 விதி முதன்முறையாகப் பிரேக் தூசிக்கும் வரம்பு வைத்திருக்கிறது: பெட்ரோல், டீசல் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், முழு மின்கார்களுக்கு 3. அதை எட்டக் கெட்டிப் பூச்சுள்ள டிஸ்க்குகள் வரத் தொடங்கியுள்ளன. லேத்தில் கடையும் பேச்சுக்கே அவற்றில் இடமில்லை.

எஞ்சுவது இடப் பிரச்சினை. தனிவீடும் சிமெண்ட் வாசலும் உள்ளவருக்குச் சொன்னதெல்லாம் பொருந்தும். அடுக்ககத்தில் இருப்பவருக்கு ஒரு கார் அகலம், சரிவான தளம், வழுக்கும் டைல்ஸ், எண்ணெய் சிந்தினால் சங்கத்தின் கண்டனம். அங்கே ஜாக்கி போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஜெர்மனியில் இதற்கென்றே வாடகைப் பட்டறைகள் இருக்கின்றன: மணிக்கணக்கில் ஒரு லிஃப்ட்டையும் கருவிகளையும் எடுத்துக்கொண்டு தன் காரைத் தானே பார்க்கலாம், தடுமாறினால் கேட்க ஒரு மெக்கானிக் இருப்பார். அமெரிக்க ராணுவத் தளங்களிலும் வீரர்களுக்கு இப்படிப்பட்ட கூடங்கள் உண்டு. நம்மிடம் மாவட்டந்தோறும் ஐ.டி.ஐ.கள் இருக்கின்றன. மோட்டார் மெக்கானிக் பிரிவு உள்ள இடங்களில் லிஃப்ட்டும் கருவிகளும் சொல்லிக்கொடுக்க ஆசிரியரும் இருக்கிறார்கள். விடுமுறை நாட்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு அந்தக் கூடங்களைக் கார் உரிமையாளர்களுக்குத் திறந்தால், ஒரு ஸ்க்ரூ கேஜும் ஒரு டயல் கேஜும் ஊருக்கே போதும். பேட் மாற்ற வருபவர் பத்துப் பேர் என்றால் அளந்து பார்த்துவிட்டுப் போக வருபவர் நூறு பேர் இருப்பார்கள். அந்த மாணவர்களுக்கும் வகுப்பறை மாதிரியைத் தாண்டி, பத்தாண்டு ஓடிய காரின் உள்பக்கப் பேடைக் கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைக்கும்.